பாங்கரிலிருந்து ஒரு கடிதம்

பாங்கர், வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? இந்த ஊரைப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டிருந்தீர்கள்.

மலையும் மழையும் ஆடுகளும் வேல்ஸில் எங்கும் உண்டு. ஆனால் இந்த வடமேற்கு மூலையின் முகத்தை மாற்றியது சிலேட்டுக்கல். வயல் வேலிகூடச் சிலேட்டுதான்: ஆளின் இடுப்பளவுப் பலகைகளை வரிசையாக மண்ணில் நட்டு, மேலே கம்பியால் பிணைத்திருக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாங்கருக்கு அருகே, சிலேட்டுக் குவாரி முதலாளிகளான பென்ரின் பிரபுக்களின் கோட்டை மாளிகை இருக்கிறது. விக்டோரியா ராணிக்காகச் செய்த ஒரு டன் எடையுள்ள சிலேட்டுக் கட்டிலை அங்கே காட்டுகிறார்கள். ராணி அதில் படுக்க மறுத்துவிட்டாராம், அறிவாளிதான். அந்தப் பிரபுக்களின் செல்வத்தில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையும் சேர்ந்திருக்கிறது. சில மைல் தள்ளியுள்ள பெத்தெஸ்தாவில், 1900 முதல் 1903 வரை குவாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 'இந்த வீட்டில் துரோகி இல்லை' (அதாவது, போராட்டத்தை முறித்து வேலைக்குத் திரும்பியவர் இல்லை) என்று அச்சிட்ட அட்டைகளைச் சன்னல்களில் வைத்தார்கள். என்னைக் கேட்டால், மாளிகையை விட அந்த அட்டைதான் இந்த மண்ணின் பெருமை. 1884இல் இங்கே திறக்கப்பட்ட பல்கலைக்கழகத்துக்கும் குவாரிக்காரர்கள் தங்கள் கூலியிலிருந்து நன்கொடை தந்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் ட்ரௌஸ்வனித் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீட்டுக்குப் போனேன். ஆடு மேய்த்த கவிஞர் ஹெத் வின் வாழ்ந்த வீடு அது. 1917இல் ஐஸ்தெத்வொத் என்னும் தேசியக் கவிதைத் திருவிழாவில், வெற்றி பெற்றவரின் புனைபெயரைச் சொல்லி அழைத்தபோது எழுந்து நிற்க எவரும் இல்லை. வென்றவர் ஹெத் வின்தான்; அவர் அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஜூலை 31 அன்று, பெல்ஜியப் போர்க்களத்தில் மடிந்திருந்தார். வென்றவருக்குப் பரிசாகத் தரும் நாற்காலிக்கு மேடையிலேயே கறுப்புத் துணி போர்த்தினார்கள். அதைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அகதி என்பதை என்னவென்று சொல்வது! பின்னிப் பிணைந்த கொடிகளும் டிராகன்களும் செதுக்கிய அந்த நாற்காலியை இன்றும் அவ்வீட்டிலேயே காணலாம்.

அந்த நாற்காலிக்குப் போட்டியிடும் கவிதை, நம் வெண்பாவைப் போல, ஓசைக் கட்டுப்பாடு மிகுந்த மரபு யாப்பில்தான் இருக்க வேண்டும். நீங்கள் தளை தட்டுவதைக் கண்டுபிடிப்பது போல, இங்கேயும் கண்டுபிடிக்க நடுவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்டில் நடக்கும் விழாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். எல்லாம் வெல்ஷ் மொழியில்தான் என்றாலும், உடனுக்குடன் மொழிபெயர்ப்பைக் கேட்கக் காதுக்கருவி தருவார்கள். திரும்பியதும் எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகள்