கூரைக்குக் கீழே ஒரு பட்டுமனை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் சிரகாவா-கோ பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். பனி, கூரை, தொங்கு பாலம் எல்லாம் அழகாக வந்திருந்தன. ஆனால் அங்குள்ள ஓகிமாச்சி ஊரின் மிகப் பெரிய பழைய வீடான வாதா குடும்ப வீட்டுக்கு ஒரே வரிதான்: உள்ளே பழைய சாமான்கள் இருக்கின்றனவாம். நான் பட்டு வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நகோயாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது அங்கே ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாமான்கள் என்னவென்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவை பட்டுப்புழு வளர்க்கும் கருவிகள். புல் வேய்ந்த கூரை ஏறக்குறைய 60 டிகிரி சரிவில் நிற்பதால் பனி வழிந்துவிடுகிறது, சரி. அந்தச் சரிவுக்குள் அடுக்கடுக்காகப் பரண்களும் கிடைக்கின்றன. புழு வளர்த்தது அங்கேதான். இரண்டு பக்க முக்கோணச் சுவர்களிலும் நேருக்கு நேர் சன்னல்கள். புழு மனைக்கு எதிரெதிரே சன்னல் வையுங்கள் என்று எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்போம்! கீழே கூடத்தில் தரையோடு தரையாகக் கணப்பு. நெருப்புப் பொறி மேலே பறக்காதபடி அதற்கு நேர் மேலே ஒரு பலகையைத் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். கணப்பின் சூடு பரணின் இடுக்குகள் வழியே மேலே போகும். கூரைக் கட்டுமானத்தில் ஆணி கிடையாது. கயிறாலும் வளைத்து முறுக்கிய இளங்கிளைகளாலும் கட்டியிருக்கிறார்கள். புகை ஏறி எல்லாம் கறுத்திருக்கிறது. புழு இருக்கும் இடத்தில் புகையே ஆகாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அங்கே நின்று கொஞ்ச நேரம் விழித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இதைவிட ஆச்சரியம் வெடியுப்பு. அந்த வட்டார வீடுகளில் கணப்பை ஒட்டித் தரைக்கு அடியில் குழி வெட்டி, மண்ணோடு புழு எச்சத்தையும் காட்டுச் செடிகளையும் கலந்து சில ஆண்டுகள் மக்கவிடுவார்கள். பிறகு அந்த மண்ணில் நீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினால் வெடிமருந்துக்கான உப்பு. ஊர்த்தலைவர் பொறுப்பில் இருந்த வாதா குடும்பம் செழித்தது இந்த வியாபாரத்தில்தான். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்து இறங்கியதும் தொழில் படுத்துவிட்டது. நம் ஊரில் புழு எச்சம் நேரே எருக்குழிக்குப் போகிறது.

1991-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் ஜப்பானிய நிபுணர்கள் மைசூருக்கு வந்து வெண்பட்டு வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழக விவசாயிகள் வரை அது வந்து சேர்ந்தது. இந்தப் பழக்கம் இருக்கிற நம் வாசகர்களுக்குக் கூரையை மட்டும் காட்டினால் போதுமா?

இன்னொன்று. அந்த வீட்டின் ஒரு பகுதியில் குடும்பத்தார் இன்றும் குடியிருக்கிறார்கள். மற்ற பகுதிதான் கட்டணம் வாங்கித் திறந்திருக்கிறது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர், மூடியிருந்த தள்ளுகதவை நகர்த்தி எட்டிப் பார்க்கப் போனார். கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள், இது ஆள் குடியிருக்கும் வீடு என்பதைப் பேருந்திலேயே சொல்லி இறக்கிவிட்டால் நல்லது. புல் கூரை ஊர், சிகரெட் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிடலாம்.

– ஓய்வு பெற்ற பட்டு ஆய்வாளர், ஓசூர்