அம்மன் கல்லுக்கு நீதான் பேசணும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரசு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் நலம் என்று உன் சின்னவள் போனில் சொன்னாள். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்கு வருகிறேன், ஈப்போவில் பார்ப்போம் என்று ஆசை காட்டிவிட்டு வராமல் போனாயே, அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். ஜொகூர்க்காரி ஆனதும் ஊர் மறந்துபோச்சு உனக்கு. சரி, இப்போது எழுதுவது கோயில் விஷயம். நீளமாகத்தான் இருக்கும். பசியாறிவிட்டு உட்கார்ந்து படி.

நம் எஸ்டேட் தோட்டம் கைமாறி, கோயில் இடம் மாற வேண்டிவந்த கதை உனக்குத் தெரியும். டவுன் பக்கம் கொடுத்த நிலத்தில் புதுக் கோயில் முக்கால்வாசி எழும்பிவிட்டது. வேலை முடியும்வரை பாலாலயம் செய்து அம்மனைத் தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் மாமல்லபுரத்திலிருந்து கருங்கல் சிலையும் வந்து இறங்கியது.

அடி சரசு, என்ன அழகு தெரியுமா! தலையைச் சுற்றிச் சுவாலை, அதற்கு மேலே ஐந்து தலை நாகம் குடை பிடிக்கிறது. ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்கு கையிலும் சூலம், கத்தி, உடுக்கை, கபாலம். உடுக்கையில் சுற்றிய பாம்புக்குச் செதில்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். உலகம் பிறக்கும் சத்தம் உடுக்கை, எல்லாம் போய் அடங்கும் இடம் கபாலம், இரண்டையும் ஒருத்தியே பிடித்திருக்கிறாள் என்று ஸ்தபதி சொன்னார். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன்னால்தான் திறப்பாராம்.

அப்புறம்தான், இத்தனை காலம் அம்மனாகக் கும்பிட்ட பழைய கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. உருவம் இல்லாத கல்லுக்கு ஆகமக் கோயில் கருவறையில் இடமில்லை, மரியாதையாக ஆற்றில் விட்டுவிடலாம் என்கிறார் கோயில் தலைவர். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுநாளே கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத கல். பூசிப் பூசி மஞ்சள் பொருக்குத் தட்டியிருக்கிறது, இடது பக்கம் எண்ணெய்க் கறுப்பு. கண்ணோ மூக்கோ கிடையாது. உனக்கு அம்மை போட்டுத் தெளிந்தபோது உன் அம்மா சாத்திய வெள்ளிக் கண்மலர்தான் இன்னும் அதற்குக் கண். ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது. இதைத் தூக்கி ஆற்றில் போடுவதா?

ஆகமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பெரிய கோயில்களே இப்படியா நடந்துகொள்கின்றன? சமயபுரத்தாள் கல்சிலை இல்லை, மூலிகையும் சுதைச் சாந்தும் சேர்த்துச் செய்த திருமேனி. அதனால் மூலவருக்கு அபிஷேகமே கிடையாது, உற்சவருக்குத்தான். புன்னைநல்லூரில் மூலவர் புற்றுமண். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு சாத்துகிறார்கள். அந்த நாளெல்லாம் வெண்திரையில் எழுதிய அம்மனைத்தான் ஜனங்கள் கும்பிடுகிறார்கள். படவேட்டில் ரேணுகாம்பாளின் சிரசுக்குத்தான் பூசை. திருவாரூரில் சிவனே புற்றிடங்கொண்டவர். இவர்கள் யாரும் பழையதை ஆற்றில் விடவில்லையே. எத்தனையோ ஊரில் ஆதி அம்மனை முன்னால் வைத்து, புதுச் சிலையைப் பின்னால் நிறுத்துகிறார்கள். நம் கல்லையும் அவள் காலடியில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

புதுச் சிலையைப் பீடத்தில் பிடித்து நிறுத்த அஷ்டபந்தனம் வேண்டும். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் சேர்த்து ஆண்பிள்ளைகள் மாற்றி மாற்றி இடிக்க வேண்டும். அந்த மருந்துக்கே பன்னிரண்டு வருஷம்தான் கணக்கு, பிறகு திரும்பச் சாத்த வேண்டும். நம் கல்லோ மருந்து எதுவும் இல்லாமல், ரப்பர் பால்மரக் காலம் முடிந்து எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகும், நட்ட இடத்தில் நின்றது. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்னால் தோட்டத்து லயத்து வரிசையில் ஒரு வீட்டில் வேப்பிலை செருகினால் நம் பாட்டிமார் யாரிடம் போய் அழுதார்கள்? இந்தக் கல்லிடம்தானே. கூட்டத்தில் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

முனியாண்டிக்குச் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வெளியே அவர் மரத்தடி அவருக்கு உறுதி, சுருட்டும் உண்டு. மதுரை வீரன் குதிரைக்கு மட்டும் இன்னும் நிறம் முடிவாகவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். உன் தாத்தா உடுக்கை அடித்துப் பூசை செய்த கோயில். அந்தக் குடும்பத்துச் சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. நான் பேசினால் "பார்வதிக்கா உணர்ச்சிவசப்படுறாங்க" என்று முடித்துவிடுகிறார்கள். நாம் கோழிக்குஞ்சு என்று கூப்பிடுவோமே, அவன்தான் இப்போது கோயில் செயலாளர். அந்தப் பேச்சுப்போட்டி நடந்த நாளை நினைத்துக்கொண்டு நீ ஒரு அதட்டல் போடு, தலைவரிடம் அவனே பேசுவான். ஸ்தபதியையும் நேராகக் கேட்கச் சொல். வைக்கலாம் என்று அவர் வாயால் வந்துவிட்டால் வேறு யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உன் அக்கா கல்யாணப் படம் ஒன்றில், மாலையோடு நிற்கிறவர்களுக்குப் பின்னால் அந்தக் கல் முழுசாகத் தெரியும். அதைத் தேடிப் பெரிதாக்கி அனுப்பு. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்குள் படம் என் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
பார்வதி