‘சாப்பிட்டியா தம்பி?’

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடிதம் வந்த மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு வயிற்றுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பித்தப்பையில் கல். நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், சுவரைப் பிடிக்காமலே நாலு எட்டு வைக்கிறான்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் பையிலேயே வைத்திருந்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அம்மாவின் ஞாபகம் கரைந்துகொண்டு வருவதைப் பற்றியது அது. “டாக்டர் அம்மாவின் மூளை ஸ்கேன் படத்தில் விரல் வைத்து, இந்த இடம் சுருங்கிவிட்டது என்றார். எங்க அம்மா என்பது அந்தச் சின்ன இடம்தானா? அது சுருங்கினால் அம்மா எங்கே போனாள்? அறிவே இப்படிக் கரைந்து போகும் என்றால் ஆத்மா எங்கே, இத்தனை வருஷம் நான் கும்பிட்ட முருகன் எங்கே?” என்று எழுதியிருந்தாய். கிருத்திகை தவறாமல் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போகிற நீ, மூன்று மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை என்றும் எழுதியிருந்தாய். முப்பத்துநாலு வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாய். ஆறுதலுக்காக ஒரு பொய்கூட உன்னிடம் சொல்லமாட்டேன். எனக்குத் தோன்றுவதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் சுவர்க் கடிகாரம் 8.40 காட்டியது. மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுக்காரர். சிரிஞ்சில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து. புரோபோஃபால் என்றார். கையில் லேசாக எரியும் என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். எரிந்தது. “சொந்த ஊர் எது சார்?” என்று கேட்டார். அடுத்த கணம் ஒரு நர்ஸ், “ஐயா, கண்ணைத் திறங்க” என்று தோளைத் தட்டினாள். வேறு அறை. மணி 11.20.

நடுவில் ஒன்றுமில்லை, முருகேசா. தூங்கி எழுந்தால் நேரம் போயிருக்கிறது என்றாவது உடம்புக்குத் தெரியும். இதில் அதுகூட இல்லை. இருட்டு இருந்தது என்று சொன்னால்கூடப் பொய். இருட்டைப் பார்க்க அங்கே ஆள் வேண்டுமே!

1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை முகரவைத்து, ஒருவருக்கு வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று ஊரறியக் காட்டினார். கிட்டத்தட்ட 180 வருஷம் ஆகிறது. புரோபோஃபால் மூளையில் எந்த வாயிலைப் போய்த் தட்டுகிறது என்று இன்று தெரியும். நரம்பு செல்களை அடக்கி வைக்கிற காபா என்ற ரசாயனத்தின் வேலையை அது கூட்டிவிடுகிறது. ஆனால் அப்படிக் கூட்டினால் ‘நான்’ ஏன் அணைந்து போகிறது, மருந்து இறங்கியதும் அதே ‘நான்’ எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் பக்திப் பேச்சாளர்கள் குதித்து வருவார்கள். ‘பார்த்தாயா, விஞ்ஞானத்துக்குத் தெரியவில்லை, அங்கேதான் கடவுள்’ என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தெரியாத இடத்தில் கடவுளைக் குடிவைத்தால், தெரியத் தெரிய அவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டிவரும். மூளை ஒரு ரேடியோப் பெட்டி, ஆத்மா வானொலி நிலையம், பெட்டி பழுதானாலும் நிலையம் இருக்கும் என்று ஒரு உவமை சொல்வார்கள். உன்னிடமும் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நம்பி மனசைத் தேற்றிக்கொள்ளாதே. ரேடியோ பழுதானால் சத்தம் கரகரக்கும், பாடுகிறவரின் குணம் மாறாது. மூளையில் அடிபட்டால் குணமே மாறுகிறது. அம்மாவின் ஞாபகம் மூளையில்தான் இருந்தது. அது அழிந்துகொண்டு வருகிறது. டாக்டர் சொன்னது உண்மை.

சரி, ஞாபகம் போனால் ஆள் போய்விட்டாரா? அங்கேதான் நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர். வலிப்பு நோய்க்காக 1953-இல், அவருக்கு 27 வயதில், மூளையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். டாக்டர் உனக்கு விரல் வைத்துக் காட்டியது, புது ஞாபகத்தைப் பதியவைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியாகத்தான் இருக்கும். அதில் ஒரு பெரிய பகுதி அவருக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் 2008-இல் இறக்கும்வரை புதிதாக அநேகமாக எதுவும் அவர் மனசில் தங்கவில்லை. பல வருஷம் அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் ஒவ்வொரு தடவையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. மில்னர் அவரை, கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு வரையச் சொன்னார். மொலைசனின் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. அவரோ ஒவ்வொரு நாளும் இதை முதல் தடவையாகச் செய்வதாகவே நினைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்கு வந்திருந்தேனே, திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பூ இல்லை, நார் இல்லை. ஆனால் விரல்கள் சேலைத் தலைப்பை நாராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பூவை எதிரெதிராக வைத்து, ஒரு சுற்று சுற்றி முடிச்சு இறுக்குகிற வேலையைச் செய்துகொண்டே இருந்தன. முடிச்சு விழுந்ததும் கட்டைவிரலால் ஒரு தள்ளு. அடுத்த முடிச்சு. ஐம்பது வருஷம் முருகனுக்குக் கட்டிய கை அது.

அப்புறம், நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன ஒன்று. அம்மாவுக்கு நீ யாரென்று தெரியவில்லை, ‘யாரு தம்பி நீங்க?’ என்று கேட்கிறார். ஆனால் உடனே, ‘சாப்பிட்டியா தம்பி?’ என்கிறார். நீ முதல் கேள்வியில் உடைந்துபோய் இரண்டாவதை விட்டுவிட்டாய். எனக்கு அந்த இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போகவே முடியவில்லை. மகன் என்பது தெரியவில்லை, பேர் தெரியவில்லை, நாள் கிழமை தெரியவில்லை. எதிரே நிற்கிற ஒரு உயிருக்குப் பசிக்குமே என்பது மட்டும் தெரிகிறது. அதுவும் பழக்கம்தான், அழியாமல் மிஞ்சிய நரம்புப் பாதைதான் என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பாதை நரம்புதான். அதில் நடந்து வருகிறதே, அதை நான் என்னவென்று சொல்வேன்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள் கழித்து, சொக்கப்ப நாயக்கன் தெருவுக்குப் போனேன். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, திருவண்ணாமலை ரமண மகரிஷி சிறுவனாகத் தங்கியிருந்த சித்தப்பா வீடு, அங்கே. அறுபது வருஷமாக அந்தத் தெரு வழியாக நடந்திருக்கிறேன், உள்ளே உட்கார்ந்ததில்லை. 1896-இல், பதினாறு வயதில், நோய் நொடி எதுவும் இல்லாமலே அந்தப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி விறைப்பாகப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை மூடிக்கொண்டு, ‘இந்த உடம்பு செத்துவிட்டது, நான் செத்தேனா?’ என்று பார்த்தான். பிசிக்ஸ் வாத்தியாருக்கு அது பரிசோதனையாகத்தான் தெரிகிறது. பின்னாளில் 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அடியார் கேட்டபோது எழுதிக் காட்டிய பதில்களிலும், நம்பு என்று அவர் சொல்லவில்லை. ‘நான் யார்’ என்று நீயே விசாரித்துப் பார் என்கிறார்.

எனக்கு அவரோடு ஒரு வழக்கும் இருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலும் நீ இருக்கிறாய், அதனால்தான் எழுந்ததும் சுகமாகத் தூங்கினேன் என்கிறாய் என்பார். மயக்க மருந்தில் எனக்கு அந்தச் சுகம்கூட இல்லையே! அந்த இரண்டு மணி நாற்பது நிமிஷம் நான் எங்கே இருந்தேன்? அந்த மாடி அறையில் உட்கார்ந்து இதையேதான் கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது. ‘நான் இல்லை’ என்று ஒரு கணம்கூட நான் அனுபவித்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் சொல்கிறேன். ஞாபகம் இல்லை என்பதை வைத்து அறிவே இல்லை என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. இருந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. ரமணர் சொல்வது சரியென்று நான் அளந்து காட்டமாட்டேன். ஆனால் நம்பிப் பழகுகிறேன். தினமும் காலையில் அரைமணி உட்காருகிறேன்.

இன்னொன்று. 1998-இல் கிறிஸ்டாஃப் கோக் என்ற மூளை விஞ்ஞானி, டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ ஆசிரியரிடம் பந்தயம் கட்டினார். இருபத்தைந்து வருஷத்துக்குள் மூளையில் எது உணர்வை உண்டாக்குகிறது என்று தெளிவாகக் காட்டிவிடுவோம் என்றார். 2023-இல் நியூயார்க்கில், இன்னும் தெளிவாகவில்லை என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு, சொன்னபடி ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்தார். எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியது. தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று இத்தனை சுத்தமாகப் பிரித்துச் சொல்வதில் ஒரு பணிவு இருக்கிறது. அந்தப் பணிவோடு உட்கார்ந்தால்தான் சாமி கும்பிடுவதும் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

இனி உனக்கு உடனே வேண்டியது. 2006-இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை விஞ்ஞானி, விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாக யார் என்ன சொன்னாலும் எந்தப் பதிலும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள், உன் வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினைத்துக்கொள் என்று சொன்னார். ஆரோக்கியமானவர்களுக்கு மூளையில் எந்தெந்த இடம் ஒளிருமோ அதே இடங்கள் ஒளிர்ந்தன. உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்! 2024-இல் வந்த பெரிய ஆய்வில், சொன்னால் அசையாமல் கிடந்த 241 பேரில் 60 பேரிடம் இப்படிப்பட்ட அடையாளம் தெரிந்தது. அம்மாவின் நோய் வேறு, அதனால் இதை அப்படியே அவருக்குப் பொருத்தமாட்டேன். ஆனால் வெளியே தெரியவில்லை என்பதற்காக உள்ளே ஆள் இல்லை என்று நாம் முடிவு செய்யக்கூடாது. அவர் எதிரே நின்றுகொண்டு, ‘ஒன்றும் தெரியாது, எல்லாம் போச்சு’ என்று வருகிறவர்களிடம் சொல்லாதே. அறைக்குள் போகும்போது, ‘அம்மா, முருகேசன் வந்திருக்கேன்’ என்று சொல்லு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வேண்டுமானாலும் சொல்லு. சாப்பிட்டியா என்று கேட்டால், சாப்பிட்டேன்மா என்று சொல்லு.

கோயிலுக்குப் போ என்று நான் சொல்லவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போ.

வியாழக்கிழமை ஆரப்பாளையத்தில் எட்டு மணி பஸ் பிடித்து வருகிறேன். இந்த வாரம் பூ விலை இறங்கியிருக்கிறது. கால் கிலோ உதிரி மல்லிகை வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன். நார் உன் தோட்டத்து வாழையிலேயே கிழித்துக்கொள்ளலாம், காலையிலேயே தண்ணீரில் போட்டு வை. அம்மா மடியில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் சேது