செயலாளர் ஆண்டறிக்கை: போல்ட்டும் பசையும்

தலைவர் அவர்களுக்கும் பாறையேற்றச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, கயிறு வாங்கிய செலவு எல்லாம் பொருளாளரின் கணக்கில் உள்ளன. இந்த ஆண்டு நம் பணத்தையும் பொறுமையையும் தின்றது, ஏறுபவரின் கயிற்றைத் தாங்கப் பாறையில் துளையிட்டு அடிக்கும் போல்ட்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பழைய தடத்தில் நாம் அடித்திருந்தவை துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டுகள். அவற்றின் மேல் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஹேங்கர், அதாவது கொக்கி மாட்டும் துளைத் தகடு. வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் அரிபடுவது முதலில் பலியாகும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் போய்ப் பார்த்தபோது ஹேங்கர் புதுமாப்பிள்ளை போல மின்னியது. அடியில் பாறை நெடுகச் செம்பழுப்பு ஒழுக்கு. நட்டைத் திருப்பியதும் போல்ட்டின் மரை உதிர்ந்து கையோடு வந்தது.

எந்த எஃகு வாங்குவது என்று இரண்டு கூட்டங்கள் பேசினோம். 304, 316 இரண்டும் எஸ்.எஸ். வகைகள். 304 போதும் என்றார் பொருளாளர். 316தான் வேண்டும் என்றேன். அதில் உள்ள மாலிப்டினம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். நம் பாறை இருக்கும் மலையின் முகடான நகரி மூக்கைக் கடலிலிருந்தே கண்டு கப்பலோட்டிகள் கரையைக் கணித்தார்கள். கப்பலுக்குத் தெரிந்த மூக்கு உப்புக்காற்றுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தாய்லாந்தின் ரைலே கடற்கரையில் எஸ்.எஸ். போல்ட்டுகளே விரிசல் கண்டு முறிந்ததால் டைட்டானியத்துக்கு மாறியதையும் சொன்னேன். அது கடலோரச் சுண்ணாம்புப் பாறை, நம்முடையது குவார்ட்சைட் என்று மடக்கிவிட்டார். 304 வென்றது. போல்ட், ஹேங்கர், நட், வாஷர் நான்கும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதத்தால் நின்றது. ஐரோப்பியத் தரமான இ.என். 959, பக்கவாட்டு இழுப்புக்கு 25 கிலோநியூட்டனும் வெளிநோக்கிய இழுப்புக்கு 15 கிலோநியூட்டனும் தாங்கும் வலுவைக் கேட்கிறது. அந்த முத்திரை இல்லாத கட்டட போல்ட்டுகளை, விலை குறைவு என்றாலும், வாங்கவில்லை.

அம்மன் கோயில் பக்கம் துளையிட வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். தடத்தை இடப்புறம் தள்ளினோம்.

புதிய தடத்துக்குப் பசை போல்ட், அதாவது துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் வளையத் தலை போல்ட். மூன்றாவது என் கைவேலை. மறுநாள் வளையத்தில் ஸ்பேனரைக் கோத்துத் திருகினேன். பசையோடு சேர்ந்து சுழன்றது. உருவிப் பார்த்தால், இறுகிய பசையைச் சுற்றிலும் பஜ்ஜி மாவு போல வெள்ளைப் பொடி. துளையை ஊதியிருந்தேன், பிரஷ் போடவில்லை. பசை பாறையை விட்டுத் தூசியைப் பிடித்திருந்தது. விசைத்தறி மெக்கானிக்கான நம் உறுப்பினர், “ஊதினால் மட்டும் பஞ்சு போகாது என்று தறியில் நிற்கிற பையனுக்கும் தெரியுமே சார்” என்றார். இப்போது துளைகள் அவர் பொறுப்பு: ஊதி, தேய்த்து, ஊதி, தேய்த்து, மறுபடி ஊதிய பிறகே பசை.

பாலியெஸ்டர் பசை மலிவு, சில நிமிடங்களில் இறுகும். ஆனால் இறுகும்போது சுருங்கும். எபாக்ஸி மணிக்கணக்கில் காக்க வைத்தாலும் சுருக்கம் குறைவு என்பதால் அதையே எடுத்தோம். பசையின் இரு பகுதிகளையும் கலந்து பீய்ச்சும் முனைக்குள்ளேயே, சித்திரை வெயிலில் பசை இறுகி ஒரு முனை வீணானது. இனி விடியற்காலையில்தான் வேலை. புது முனை மாட்டும்போதெல்லாம், இரு நிறமும் ஒன்றாகும்வரை வரும் பசையை அட்டையில் பீய்ச்சி எறிந்தே ஆகவேண்டும். இதைப் பொருளாளர் ‘விரயம்’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை நீக்கிவிட்டுக் கணக்கை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய தடத்தில் இன்னும் பதினொரு துரு போல்ட்டுகள் உள்ளன. மாற்றும்வரை யாரும் அங்கே ஏற வேண்டாம். அடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அவிழ்த்திருந்தால், பார்ப்பவர் மீண்டும் கட்டவும்.

இங்ஙனம்,
செயலாளர்