இரண்டாவது மாடியில் ஏன் நின்றாய்?

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் போனில் சொல்கிற அதே "ம், நல்லா இருக்கேம்மா"தான் வரும்.

கேஸ் கனெக்‌ஷன் இன்னும் அப்பா பெயரில்தான் ஓடுகிறது. என் பெயருக்கு மாற்ற, உனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அனுப்பிவிடு. கீழ்வீட்டு வனஜா அக்கா மகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. தண்ணீர் ஒழுங்காக வருகிறது.

பொங்கலுக்கு வந்தபோது, மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் ஏன்டா நின்றாய்? நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பது மாதிரி நின்றாய். ஸ்கிரீனில் வெளிச்சமே இல்லை. ஒரு கை சுவரில் ஊன்றியிருந்தது, தோள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்ததை நீ பார்த்ததும் போனைக் காதில் வைத்து "ஹலோ" என்றாய். நானும் உள்ளே போய் டீ போட்டேன்.

முல்லை நகர் கிரவுண்டில் ஃபுட்பாலில் லெஃப்ட் விங் ஆடிய பிள்ளை நீ. வெறும் காலில் பழகி, அப்புறம் யாரோ கழித்த பூட்ஸை முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு ஆடினாய். உன்னைத் துரத்தி வந்தவன்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நம் வியாசர்பாடியில் பந்து ஆடுகிற பையன்களுக்குக் குறைச்சல் இல்லை, அதிலும் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன், என் மகன் பெங்களூரில் இருக்கிறான், அமெரிக்காக்காரன் ராத்திரி கேட்கிற கேள்விக்கெல்லாம் இங்கிருந்து பதில் சொல்கிறான் என்று. அம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவனுக்கு நேரமில்லை.

போகி அன்று உன் செட் மொத்தமும் கீழே வந்து நின்று கத்தினார்கள். தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னாய், சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாய், கண் திறந்திருக்கிறது. நாலு நாளும் அப்படித்தான். முறுக்குத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

நீ உட்கார்ந்தே வேலை பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. உட்கார முடியாதா என்று நான் ஏங்கிய வருஷங்கள் உனக்குத் தெரியும். எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் காலையில் நின்றால் ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நிற்கணும். ஆள் இல்லாத நேரத்தில் ரேக்கில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் செருமுவார். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். எங்கள் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் வந்தபோது என் காலில் நரம்பு சுருண்டு நீலமாகிப் பல காலம் ஆகியிருந்தது. அந்த ஸ்டூலுக்காக நான் அழுதேன், நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாய். சாப்பாடும் கதவு வரைக்கும் வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு எழுந்திருக்கணும்!

சரி, திட்டுவதற்காக எழுத உட்காரவில்லை.

அப்பா போன பிறகு முட்டி வலி என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் இல்லையா? அது முட்டிக்கு இல்லை. ஸ்டான்லியில் மனநல ஓ.பி.யில் கொடுத்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வருமே, அது ஒருநாள் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. நான் அழ ஆரம்பித்து நிறுத்தவே முடியவில்லை. அந்தப் பெண்தான் ஸ்டான்லிக்குப் போகச் சொன்னது. கீழ்ப்பாக்கம் கேஸ் என்று தெருவில் பேர் வந்துவிடும் என்ற பயத்தில் வனஜா அக்காவிடம்கூட முட்டி என்றே சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். உன் மனசைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீயும் இப்போது அதையேதான் நினைத்துக்கொண்டு இருக்கிறாயோ என்னவோ.

மாத்திரை போட்டதும் மறுநாளே சரியாகிவிடவில்லை. சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று அந்த டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கூடவே தினமும் நடக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாழ்நாள் பூரா கடையில் நின்னும் நடந்தும் தேய்ஞ்ச காலு டாக்டர், எனக்கா நடையைச் சொல்றீங்க?" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அது அடுத்தவங்க சொல்லி நடந்ததும்மா, இது உங்களுக்காக" என்றார்கள். உடம்பு ஓய்ந்து போவதும் மனசு லேசாவதும் ஒன்றில்லையாம். யோசித்துப் பார்த்தால், கடை மூடியதும் நாங்கள் நாலு பெண்கள் மிண்ட் வரை வேண்டுமென்றே நடந்து போய்த்தான் பஸ் ஏறுவோம். அந்த நடையில்தான் சிரிப்போம். அன்றைக்கு முழுக்க நின்ற காலுக்கு அது மட்டும் வலிக்காது.

நடக்கணும் என்று தோன்றட்டும் பிறகு நடக்கலாம் என்று காத்திருக்கக் கூடாதாம். தோன்றாதபோதுதான் செருப்பை மாட்டணும், மனசு அப்புறம் வரும். நான் முதலில் நம் பிளாக்கைச் சுற்றினேன். இப்போது பெரம்பூர் மேம்பாலத்துப் பக்கம் முரசொலி மாறன் பூங்கா வரைக்கும் போகிறேன். வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறதாம். அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, ஐந்து ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். எவ்வளவு வேகம் என்றால், பேச முடியணும், பாட முடியக் கூடாது. உனக்குத்தான் எப்போதும் பாட வராது, அதனால் பேச்சை வைத்துப் பார்த்துக்கொள்.

ஷிஃப்ட் முடிந்து படுக்கப் போகும்போது திரையை இழுத்து விட்டுக்கொள்வாய், சரி. எழுந்த பிறகும் திறப்பதில்லையாமே? எழுந்ததும் ஒரு தடவை வெயிலில் வந்து நில். போன் கால் வந்தால் எழுந்துகொள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டு பேசு. லிஃப்டை விடு. அகரா ஏரி உன் ரூமுக்குப் பக்கம்தான் என்று வனஜா அக்கா மகள் போனில் வரைபடம் காட்டினாள். நடைபாதை போட்டிருக்கிறார்களாம். அங்கே பந்து ஆடுகிறவர்கள் யாராவது இருப்பார்கள், பேசிப் பழகு. தனியாக ஜிம்முக்குப் போவதைவிட நாலு பேரோடு ஆடுவது உனக்குச் சரிப்படும், நீ அப்படி வளர்ந்தவன். ஆடாவிட்டாலும் ஓரமாக நின்று பந்தை எடுத்துப் போடு. எழுந்ததும் வெயிலில் நில், சொல்லிவிட்டேன்.

நடந்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்லவில்லை. எனக்கு மாத்திரை, நடை இரண்டும் தேவைப்பட்டது.

இன்னொன்று. மனசு சரியில்லாதபோது கூப்பிட்டுப் பேச 14416 என்று ஒரு நம்பர். டெலி மனஸ் என்று பெயர். மத்திய அரசு 2022இல் தொடங்கியது, காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். கர்நாடகத்திலிருந்து பேசினாலும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். உன் ரூம்மேட்டுக்கு யாருக்காவது தேவைப்படும், எழுதி வைத்துக்கொள். ரூம்மேட் கூச்சப்பட்டால், உங்கள் கம்பெனி ஆட்களுக்கு இது தெரியாது, தெரிய வழியும் இல்லை என்று சொல்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் நான் பிருந்தாவன் ரயிலில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. லீவு போடாதே, ஸ்டேஷனுக்கும் வராதே, பஸ் நம்பர் மட்டும் சொல். உன் ரூம் எந்த லட்சணத்தில் இருந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். சாயங்காலம் என்னை அந்த ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போ, எனக்குத் தனியாக வழி தெரியாது.

காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு நல்லதாக வந்திருக்கிறது. உன் வீட்டு ஓனர் சைவமா? எடுத்து வரலாமா, கூடாதா? இதற்காவது ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்.

இப்படிக்கு
அம்மா