பெருங்கோடரியும் கம்பும்: மகனுக்கு ஒரு கடிதம்

நீடாமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். குறுவை நடவு முடிந்துவிட்டது. அந்த விவரங்களை உன் அம்மா எழுதுவாள். விடுமுறைக்கு வந்திருக்கும் உன் அக்கா மகன், நீ பரணில் போட்டுவிட்டுப் போன டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை வீரர்களாக நடித்துப் பகடை உருட்டும் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தையும் பகடைப் பையையும் இறக்கிவிட்டான். துணைக்கு ஆள் வேண்டும் என்று அடம்பிடித்ததால், இந்த வயதில் நானும் ஒரு வீரனாகியிருக்கிறேன்.

ஆயுதம் எடுக்கச் சொன்னதும், அடியின் வலிமைக்குப் பன்னிரண்டு முகப் பகடையை உருட்டலாம் என்பதைக் கண்டு பெருங்கோடரியைக் கேட்டேன். உன் பழைய வீரனின் விவரங்களை நீ எழுதிவைத்த தாளிலும் அதுதான் இருக்கிறது. எவ்வளவு நேர்த்தியான கையெழுத்து, கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை! ஆனால் கூட்டுறவு வங்கியில் பழகிய கை சும்மா இருக்குமா? கோடரியின் அடி 1 முதல் 12 வரை எதுவாகவும் விழலாம், சராசரி 6.5. பெருவாளுக்கு ஆறுமுகப் பகடை இரண்டு. 2க்குக் கீழே போகாது, சராசரி 7. பன்னிரண்டு விழும் வாய்ப்பு கோடரிக்குப் பன்னிரண்டில் ஒன்று, வாளுக்கு முப்பத்தாறில் ஒன்றுதான் என்பது உண்மை. அந்த ஒரு பன்னிரண்டுக்காக நிலையான 7ஐ விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உன் சித்தப்பா சொன்ன செய்தியைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

1974இல் இந்த ஆட்டம் முதலில் வெளிவந்தபோது குறுங்கத்தி, வாள், கோடரி எல்லாவற்றுக்கும் ஒரே ஆறுமுகப் பகடைதானாம். அடுத்த ஆண்டு வந்த துணைநூல்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் வலிமையைப் பிரித்தது. அந்தப் பிரிவினைக்குப் பிறகுதான் தேர்வு என்பதற்கே பொருள் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. குறுங்கத்திக்கு நான்கு முகப் பகடைதான், ஆனால் எறியலாம். நீள ஈட்டி பத்தடி தள்ளி நிற்பவனையும் எட்டும்.

என்னை மிகவும் வியக்க வைத்தது கம்பு. உன் தாத்தா திருவிழாவில் சுற்றிய அதே கம்புதான். ஆறுமுகப் பகடை ஒன்று, விலை இரண்டு வெள்ளிக் காசு; பெருவாளுக்கோ ஐம்பது பொற்காசு, அதாவது இருநூற்றைம்பது கம்புகளின் விலை. நேற்று நாங்கள் எலும்புக்கூடுகளிடம் மாட்டிக்கொண்டோம். உன்னிடம் இருக்கும் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கம்பைப் போல நசுக்கும் ஆயுதத்தின் அடி அவற்றுக்கு இரட்டிப்பாகும். உடல்வலுவுக்குச் சேர்க்கும் எண்ணை விட்டுப் பார்த்தால் கம்பின் 3.5 அப்படியே 7 ஆகிவிடுகிறது, பெருவாளுக்குச் சமமாக! அதுவும் ஒற்றைக் கையால்.

மற்றொரு கையில் கேடயம் பிடிக்கலாம் என்பதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். நம்மை அடிக்க எதிரி பகடையில் எட்ட வேண்டிய காப்பு எண்ணில் கேடயம் இரண்டைக் கூட்டுகிறது. எதிரியின் இருபது முகப் பகடையில் அனேகமாக இரண்டு முகங்கள் அவனுக்குப் பயனற்றுப் போகின்றன. உன் தாளில் கேடயத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது, ஏனெனில் பெருங்கோடரி இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறது. பலமான அடி வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் காப்பில்லாமல் முன்வரிசையில் நிற்பது சரியில்லை. அதுவும் உடன் நிற்க ஆளில்லாத ஊரில் சரியே இல்லை. ஒரு கையையாவது காப்புக்கு வைத்துக்கொள். பணம் தேவைப்பட்டால் அம்மாவிடம் சொல், என்னிடம் சொல்ல வேண்டும் என்பதில்லை. அம்மாவிடம் பேசவாவது செய்; பொங்கலுக்கு வராதவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சண்டை தொடங்கிய பிறகு கேடயத்தை மாட்ட, நம் முறை வரும்போது செய்யக்கூடிய ஒரு முழுச் செயல் செலவாகும் என்று போட்டிருக்கிறது. கோடரியைக் கீழே போடுவதும் அதே முறையில் அடங்கிவிடுமா, அல்லது அதற்குத் தனியாக ஒரு முறை போகுமா? அடங்கும் என்று பிள்ளை சாதிக்கிறான், எனக்கு ஐயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் தூங்குவதற்கு முன் கூப்பிட்டுச் சொல். அடுத்த சண்டையை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா