17ம் நம்பர் செடியின்ர கதை

மச்சான்,

நாலு மாசமா ஒரு கடிதமும் போடேல்லை, போனும் எடுக்கேல்லை, கோவிக்காத. அம்மா சுகம். கட்டையன்ர கலியாணத்துக்கு நீ வரேல்லையெண்டு அவன் இன்னும் கத்திக்கொண்டு திரியிறான், அதை நீயே பாத்துக்கொள். நான் எழுதுறது 17ம் நம்பர் செடியைப் பற்றி.

போன வருசம் படம் அனுப்பினனான், ஞாபகமா? வாய்க்கால் வரம்போட நிண்ட எஃப்2 சோயாச் செடி (ரெண்டு வகையைக் கலந்ததில வந்த பேரப்பிள்ளைத் தலைமுறை), அடியிலயிருந்து நுனி வரைக்கும் காய். நீ உடன "வரம்புச் செடியடா, நம்பாத" எண்டாய். நான் கேக்கேல்லை, சிவப்பு நூல் கட்டி, விதையைத் தனியா எடுத்து வச்சு, இந்தச் சிறுபோகத்துக்குத் தம்பலகாமத்தில மூண்டு நிரை போட்டனான். முந்தநாள் பிடுங்கி அடிச்சு நிறுத்துப் பாத்தால், பக்கத்தில நிண்ட சாதாரணச் செடியின்ர பிள்ளையளை விடக் குறைவு. தராசை ரெண்டு தரம் பூச்சியத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தன், அதே கணக்குத்தான்.

நீ சொன்னது சரி. அந்தச் செடிக்கு ஒரு பக்கம் போட்டிக்கு ஆளில்லை, ஈரமும் கிடைச்சுது. பூக்கிற நாள், உயரம் எல்லாம் எஃப்2இலயே ஓரளவு நம்பி எடுக்கலாம், விளைச்சலை மட்டும் தனிச் செடியில பாத்து எடுக்கவே கூடாது, அதில மண்ணின்ர பங்கு எவ்வளவு, வம்சத்தின்ர பங்கு எவ்வளவு எண்டு கண்ணுக்குத் தெரியாது.

பெரியவர் என்னெண்டா எல்லா விதையையும் ஒண்டாக் கொட்டிக் கலந்து விதைப்பம் எண்டுறார். வேலை லேசுதான், ஆனா உயர்ந்து மற்றதை மூடுற செடியும் கன விதை விடுறதும் வருசா வருசம் கூடும், நாங்கள் தேடுற கட்டைச் செடி போகத்துக்குப் போகம் குறைஞ்சுகொண்டு போகும். எனக்கு அதில துளியும் விருப்பமில்லை.

அதால 1966இல பிரிம் எண்ட ஆராய்ச்சியாளர் சோயாவுக்கு எழுதின வழிக்கே போறன். செடிக்கு ஒரு விதை, தெரிவு ஒண்டும் செய்யாம அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போறது. செடிக்குள்ள இருக்கிற கலப்பு, அதாவது தாயிட்டயும் தகப்பனிட்டயும் இருந்து வேற வேற மாதிரி வந்த மரபணுச் சோடியளின்ர பங்கு, ஒவ்வொரு தரமும் பாதியாகும், எஃப்2இல 50 வீதம், எஃப்3இல 25, எஃப்4இல 12.5, எஃப்5இல 6.25. அதுக்குப் பிறகு நிரை நிரையாப் போட்டு, ரெண்டு மூண்டு இடத்தில நிறுத்துத் தெரிவு செய்வம். நல்லகாலம், போன வருசம் மற்ற எல்லா எஃப்2 செடியிலயும் ஆளுக்கொரு காய் பிடுங்கிக் கவரில போட்டு வச்சனான்.

ஆனா மச்சான், இப்ப எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நேற்று மிஞ்சின விதையில கொஞ்சத்தை ஈரத்துணியில சுத்திப் பாத்தன், பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் முளைச்சுது. மிச்சம் ஊதி, தோல் வழுவழுத்து, விரலால அமத்தக் கூழாப் போச்சுது. எங்கட வெக்கைக்கும் கடற்காத்துக்கும் சோயா விதை தாங்காது. செடிக்கு ஒரே விதை எண்டா, முளைக்காத ஒவ்வொண்டோடையும் ஒரு வம்சமே போயிடும். காயாப் பிடுங்கினதால கவருக்கு ரெண்டு மூண்டு விதை இருக்கு, அதுதான் இப்ப எங்கட உயிர்.

ஒவ்வொரு கவரிலயும் ஒரு விதையை நான் மழைக்கு முந்தி இஞ்ச போடுறன், மிச்சத்தை உன்ர இடத்துக் குளிர் அறையில வை. சனிக்கிழமை இரவு ரயில்ல கட்டையன் கொழும்புக்கு வாறான், அவனிட்டக் குடுத்து விடுறன். ஸ்டேசனுக்கு நீயே போ. வாங்கினவுடன நேர அறைக்குக் கொண்டு போ, காருக்குள்ள வெயில்ல வச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிடாத.

உன்ர
மச்சான்